ஒரே விடை எழுதிய குற்றம்

திருச்சுழி கடைவீதியில் காசிராஜன் நடத்திவந்த பலசரக்குக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அவருடைய தகப்பனார் ஏற்படுத்தியது. பொட்டலத்தை நீட்டும்போது, "சந்தேகம் இருந்தா எதுத்த கடைத் தராசுலயும் வச்சுப் பாத்துக்கங்க" என்று சொல்லித்தான் நீட்ட வேண்டும். எதிர்த்த கடை ஐயாத்துரையுடையது. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்று இரண்டு தலைமுறை ஆகிறது. அதனால்தான் தகப்பனார் அந்தத் தராசைத் தேர்ந்தெடுத்தார். வேண்டாதவன் தராசு ஒத்துப்போனால் அதற்கு மேல் அத்தாட்சி தேவையில்லை.

காசிராஜன் கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒருவர்கூடப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனதில்லை. சொன்னதே போதுமானதாக இருந்தது. உங்கள் சொத்து என்ன என்று யாராவது கேட்டால் அவர் நரிக்குடிப் பக்கத்து நிலத்தையும் சொல்லமாட்டார், கடையையும் சொல்லமாட்டார். அந்த ஒரு வாசகத்தைத்தான் சொல்லுவார்.

இப்படிப்பட்ட மனிதர் தம் மகளை ஒரு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார் என்றால் அதற்கும் மானம்தான் காரணம்.

கோகிலாம்பாள் அருப்புக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கிப் பி.யு.சி. முடித்தவள். மேலே கணிதம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு மதுரைக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும்.

"நம்ம வீட்டுப் பொம்பளப்பிள்ளை, பேரு தெரியாதவன் கட்டின கூரைக்குக் கீழ படுக்கிறதா? நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்று கேட்டார் காசிராஜன்.

"அந்த நாலு பேரு யாருப்பா? நானும் ரொம்ப நாளாத் தேடுறேன்" என்றாள் கோகிலாம்பாள்.

அந்த வருஷம்தான் அந்தப் பல்கலைக்கழகம் தபால் வழியாகப் பட்டம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ளும் திறமை அதற்குப் போதுமான அளவு இருந்தது. பிறர் உதவி தேவைப்படவில்லை. 'இல்லம் தேடி வரும் பல்கலைக்கழகம்' என்று விளம்பரம் செய்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்களை மரியாதையாக உட்கார வைப்பது காசிராஜன் குடும்பத்து முறை. மகளைச் சேர்த்துவிட்டார்.

பாடங்கள் வந்தன. நாலாம் பாடம் முதலில் வந்தது. முதல் பாடம் மழைக்காலத்துக்குப் பிறகு வந்தது. மூன்றாம் பாடம் வரவே இல்லை. மங்கலான மையில் உருட்டி எடுத்த தாள்கள். கூட்டல் குறி எது, கொசு நசுங்கிய தடம் எது என்று கோகிலாம்பாள் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தவறுகளைச் சிவப்புப் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவாள். திருத்தி முடிப்பதற்குள் பாடம் மனப்பாடமாகிவிடும். அந்த வகையில் அது சிறந்த கல்விமுறைதான்.

கற்பிப்பதில் நிறுவனத்துக்கு எந்தக் கவலையும் இருந்ததில்லை. அளப்பதில்தான் கவலை. மாணவர் எங்கோ கண்காணாத ஊரில் இருக்கிறார்; கணக்குப் போட்டு அனுப்புகிறார். அதை அவரே போட்டார் என்பதற்கு என்ன ஆதாரம்? இதைக் குறித்து யோசிக்க ஒரு குழு போட்டார்கள். குழு ஒரு மலைவாசத்தலத்துக்குப் போய்த் தங்கி யோசித்துவிட்டு வந்தது. அதன் பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர் இனிமேல் ஓர் அரசிதழ் அதிகாரியின் முன்னிலையில் உட்கார்ந்துதான் கணக்குப் போட வேண்டும். 'இவர் என் முன்னிலையில் தாமே சிந்தித்தார்' என்று அதிகாரி பச்சை மையில் கையெழுத்திட வேண்டும்.

காசிராஜன் மகளை அழைத்துக்கொண்டு தாசில்தாரிடம் போனார்.

"நெலத்துக்குப் பட்டா தருவேன். சிந்தனைக்கெல்லாம் பட்டா கெடையாது அண்ணாச்சி" என்று அவர் அனுப்பிவிட்டார்.

திருச்சுழியில் மிச்சமிருந்த பச்சை மை மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஞானையாவிடம்தான் இருந்தது. நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். பொய்க் கையெழுத்துப் போடமாட்டார். அதுதான் தொந்தரவாகப் போயிற்று.

"அண்ணாச்சி, மாடு செனையா இருக்குன்னு சர்டிபிகேட் குடுத்திருக்கேன். செத்துப்போச்சுன்னு குடுத்திருக்கேன். யோசிச்சுச்சுன்னு இதுவரைக்கும் குடுத்ததில்ல" என்றார் ஞானையா.

"இது எம் மக, டாக்டரய்யா."

"அது தெரியுது. இங்க உக்காந்து போடட்டும். நான் பாக்கணும்ல."

மருந்து வாடைக்கும் சாணி வாடைக்கும் நடுவில் ஒரு பெஞ்சு. கோகிலாம்பாள் அதில் உட்கார்ந்து வளைகோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலு பேர் ஒரு காளையைக் கயிறு போட்டுச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். மகளைக் காவல் காப்பதற்காகக் காசிராஜன் குடையை ஊன்றிக்கொண்டு பின்னால் நின்றார். மதுரை விடுதிக்கு அனுப்பியிருந்தால் மானம் போயிருக்கும் என்று அப்போதும் அவர் நினைத்துக்கொண்டார்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'சிந்திக்கும்போது மாணவரின் பார்வை எத்திசையை நோக்கி இருந்தது?' ஞானையா உண்மையை எழுதினார்: 'பெரும்பாலும் தாளை நோக்கி. ஒரு முறை காளையை நோக்கி.'

படிவம் திரும்பி வந்தது. காளை யாருடையது, அதற்கும் மாணவிக்கும் என்ன உறவு, கணக்கின் விடை காளையின் மீது எங்கேனும் எழுதப்பட்டிருந்ததா என்று நிறுவனம் விளக்கம் கேட்டிருந்தது. ஞானையா காளையின் வயது, நிறம், சுழி, கொம்பின் அமைப்பு எல்லாவற்றையும் எழுதி, அது எழுத்தறிவு இல்லாதது என்று சான்றளித்து அனுப்பினார். அறிக்கை திருப்திகரமாக இருக்கிறது என்று பதில் வந்தது. கணக்கைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் ஆண்டு முடியும் சமயம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில், அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து நேர்முக வகுப்பு நடத்தினார்கள். மாணவர்களை ஆசிரியர்கள் முகத்துக்கு முகம் பார்க்கும் நாள். ஆசிரியர்கள் வரவில்லை. நிறுவனத்தின் இயக்குநர் மட்டும் வந்தார். மாப்பிள்ளை உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வரலாறு படித்தவர். கணிதத்தின் மேல் அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. பதவி வந்த பிறகு அது கொள்கையாகிவிட்டது.

காசிராஜன் பின்வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"மாணவச் செல்வங்களே. உங்கள் முகத்தைக் காணாமலேயே உங்கள் அறிவை அளக்கும் அரும்பணியில் நாங்கள் ஈடுபட்டிருக்கிறோம். முகத்தைக் கண்டால் இரக்கம் வந்துவிடும், ஆகவே காண்பதில்லை. பாடத்தை அனுப்புகிறோம். அது வந்து சேர்ந்ததா என்பது தபால் இலாகாவின் பொறுப்பு. சேர்ந்தது புரிந்ததா என்பது உங்கள் பொறுப்பு. எங்களுக்கென்று எஞ்சியிருக்கும் ஒரே பொறுப்பு உங்களைச் சந்தேகிப்பது. அதை நாங்கள் ஒருபோதும் குறைவாகச் செய்யமாட்டோம்."

கைதட்டினார்கள். முதல் வரிசையில் வரலாற்று மாணவர்கள் இருந்தார்கள்.

"வரலாற்று மாணவர்களிடம் ஒரு போருக்கான காரணத்தைக் கேட்டோம்" என்று இயக்குநர் தொடர்ந்தார். "ஒருவர் சொன்ன காரணம் மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. போர் நடந்த ஆண்டுகூட ஒத்துப்போகவில்லை. யார் வென்றார் என்பதிலும் ஒற்றுமை இல்லை. என் உள்ளம் பூரித்தது. அங்கே நேர்மை மணக்கிறது. அடுத்து, கணித மாணவர்களிடம் ஒரு பரப்பளவைக் கேட்டோம். ஆறில் ஒன்று என்கிறார் ஒருவர். ஆறில் ஒன்று என்கிறார் இன்னொருவர். எடுக்கிற தாளிலெல்லாம் ஆறில் ஒன்று. ஊர் வேறு, பெயர் வேறு, கையெழுத்து வேறு. விடை மட்டும் ஒன்று. இது எப்படி நடந்தது?"

மண்டபத்தின் நடுவில் ஒரு பையன் எழுந்தான். "விடை அதுதான் சார்" என்றான்.

"இதோ" என்றார் இயக்குநர். "இந்த வாக்கியத்தைக்கூட நான் போகிற ஊரிலெல்லாம் ஒன்றுபோலவே சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய சதியை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை. இதைக் களையத் தனித்தன்மைக் குழு ஒன்றை அமைத்திருக்கிறேன். தலைவர் நான். ஆனால் இருளிலும் ஒரு விளக்கு எரிகிறது. காரியாபட்டி தங்கசாமி எங்கே இருக்கிறார்?"

லாரி செட்டில் வேலை பார்க்கும் தங்கசாமி கூச்சத்தோடு மேடையேறினான். இயக்குநர் அவன் கழுத்தில் மாலையைப் போட்டார்.

"இவர் எழுதிய விடை என்ன தெரியுமா? கழித்தல் பதினேழு. மாநிலத்தில் வேறு எவரும் இதை எழுதவில்லை. எழுதவும் முடியாது."

கடைசி வார்த்தையில் மட்டும் அவர் உண்மையைச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் காசிராஜன் பாலவநத்தம் பக்கமாகப் போகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்.

"ஏத்தா, அந்தப் பையன் எழுதினது சரியா?"

"பரப்பு எப்படிப்பா கழித்தல்ல வரும்? நம்ம கடை எவ்வளவு பெருசுன்னு கேட்டா, இல்லாத கடையை விடப் பதினேழு அடி சின்னதுன்னு சொல்ற மாதிரி."

"அவனுக்கு மாலை போட்டாகளே."

"போட்டாக."

"நீ என்ன எழுதுன?"

"ஆறில் ஒண்ணு."

பெரிய இடத்து விஷயம், நமக்குத் தெரியாத நியாயம் ஏதாவது இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். பட்டம் வாங்கியவர்கள்மேல் அவருக்கு அப்போது அவ்வளவு மரியாதை இருந்தது.

அடுத்த மாதம் கார்டு வந்தது. மாணவர்களின் குற்றங்களைத் தெரிவிக்க உறை எதற்கு, வீண் செலவு என்று நிறுவனம் திறந்த தபால் கார்டில்தான் எழுதும். 'உங்கள் மகள் கோகிலாம்பாள் பிறர் விடையைப் பார்த்து எழுதியதாகத் தனித்தன்மைக் குழு கருதுகிறது. நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்.' கார்டு கடைக்கு வந்து சேருவதற்கு முன்னால் போஸ்ட் மாஸ்டர் படித்தார், தபால்காரர் படித்தார், தபால்காரர் தண்ணீர் குடிக்க நின்ற டீக்கடையில் எட்டிப் பார்த்தவர்கள் படித்தார்கள். காசிராஜன் கடைசியாகப் படித்தார்.

எதிர்க்கடையில் ஐயாத்துரை வாசலில் நின்று, வெயிலுக்கு ஒதுங்கியிருந்த ஒரு பசுவிடம் சத்தமாகப் பேசினார். நேராகப் பேசிக்கொள்வதில்லை அல்லவா.

"கேட்டியா? மத்தவுக கணக்கைப் பாத்துக் காப்பி அடிக்கிறாகளாம். தராசு சரியா இருக்குன்னு வாய் கிழியச் சொன்னா மட்டும் போதுமா?"

பசு பதில் சொல்லவில்லை. கடைவீதி கேட்டுக்கொண்டது.

மறுநாள் வெள்ளைத்தாய் துவரம்பருப்பு வாங்க வந்தாள். தலைமுறையாக அங்கேயே வாங்குகிறவள். பொட்டலத்தை நீட்டிக் காசிராஜன் வழக்கமான வாசகத்தைச் சொன்னார். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"நீங்கதான சொல்றீக அண்ணாச்சி. கோவிச்சுக்கிறாதீக" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனாள்.

கடைவீதி முழுவதும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. ஐயாத்துரை தராசைப் பிடித்தார். முள் ஆடி நடுவில் நின்றது. அவர் ஒரு தடவை கையால் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்று தூணைப் பார்த்துச் சொன்னார்.

எடை சரியாக இருந்தது காசிராஜனுக்கு ஆறுதலாக இல்லை. நிறுத்துப் பார்த்துவிட்டார்களே. அன்று அவர் நேரத்தோடு கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு வேண்டாம் என்றார்.

"பிள்ளை தப்பா எழுதுச்சுன்னு கார்டு வந்தா வெக்கப்படலாம்" என்றாள் அவர் மனைவி சங்கரம்மாள். "சரியா எழுதுச்சுன்னு வந்திருக்கு. இதுக்கு என்னத்த செய்யணும்னு எனக்கு விளங்கலங்க."

"எழுதினது சரிங்கிறது நமக்குத் தெரியும். கடைவீதிக்கு யாரு சொல்றது? பட்டம் வராட்டாப் போகுது. அந்தச் சொல்லு நம்ம வீட்டு மேல இருக்கக் கூடாது" என்றார் காசிராஜன்.

மதுரைக்குப் பஸ், அங்கிருந்து ரயில். நிறுவனம் மூன்று மாடிக் கட்டடமாக நின்றது. கீழ்மாடியில் சந்தேகப் பிரிவு, நடுமாடியில் விசாரணைப் பிரிவு, மேல்மாடியில் இயக்குநர். பாடம் தயாரிக்கும் பிரிவு எங்கே என்று கோகிலாம்பாள் ஒரு சேவகரிடம் கேட்டாள். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்.

தனித்தன்மைக் குழு நீண்ட மேஜையின் பின்னால் உட்கார்ந்திருந்தது. நடுவில் இயக்குநர். அவருக்கு இருபுறமும் தலையாட்டுவதற்கென்று நியமிக்கப்பட்ட இரண்டு அதிகாரிகள். கதவோரத்தில் ஒரு முக்காலியில் கணிதப் பேராசிரியர். அவர் குழுவின் உறுப்பினர் அல்ல. சரியான விடையைத் தயாரித்துக் கொடுத்தவர் அவர்தான் என்பதால் அவர்மேலும் ஒரு கண் இருந்தது.

இயக்குநர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பெரியவரே, உம் மகள் எழுதிய அத்தனை விடையும் பிறர் விடைகளோடு ஒத்துப்போகின்றன. என்ன சொல்கிறீர்?"

"ஒத்துப்போனாத்தானங்க சரின்னு அர்த்தம்" என்றார் காசிராஜன். "எங்கடையில ஒரு கிலோ பருப்பு நிறுத்தாலும், எதுத்த கடையில நிறுத்தாலும் ஒரு கிலோதான். போன வாரங்கூட நிறுத்துப் பாத்தாக. ஒண்ணாத்தான் இருந்துச்சு."

இயக்குநர் முன்னால் சாய்ந்தார். "அந்த எதிர்க்கடைக்காரர் உமக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்லங்க. ரெண்டு தலைமுறையாப் பேச்சு வார்த்தையே கெடையாது."

"பேச்சு வார்த்தை இல்லாமல் எடை எப்படி ஒத்துப்போகிறது?"

இரண்டு அதிகாரிகளும் தலையாட்டினார்கள். ஒருவர் 'எடையிலும் உடந்தை' என்று குறித்துக்கொண்டார்.

காசிராஜன் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"எனக்கு இப்பவே ஒரு கணக்குக் குடுங்க. ஒங்க முன்னாலயே போடுறேன்" என்றாள் கோகிலாம்பாள்.

குழு தனியாகப் போய்க் கலந்து பேசி ஒப்புக்கொண்டது. பேராசிரியர் ஒரு கணக்கு எழுதினார். ஒரு வளைகோட்டுக்கும் தரைக்கோட்டுக்கும் நடுவில் அடங்கும் பரப்பு என்ன என்பது கேள்வி. அவர் அதற்கு விடையும் எழுதி உறையில் போட்டு அரக்கு வைத்து, இரும்புப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை இயக்குநர் தம் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். பிறகு ஜன்னல்களைச் சாத்தினார்கள். காசிராஜனைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். கணிதம் தெரியாதவர் முகக்குறிப்பால் விடை சொல்லிவிடக்கூடும் அல்லவா.

காசிராஜன் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது.

"இரண்டு" என்றாள் கோகிலாம்பாள்.

பீரோவைத் திறந்தார்கள். அரக்கை உடைத்தார்கள். உள்ளே இரண்டு என்று இருந்தது. இயக்குநர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூட்டிய பீரோவுக்குள் இருந்த விடை பூட்டாத தாளுக்கு எப்படி வந்தது?"

பேராசிரியர் முக்காலியிலிருந்து பாதி எழுந்தார். "ஐயா, அது இரண்டுதான் ஐயா. யார் போட்டாலும் இரண்டுதான் வரும்."

"யார் போட்டாலும் என்றால், வேறு யார் யார் போட்டார்கள்? பெயரைச் சொல்லும்."

பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெற அவருக்குக் கொஞ்ச காலமே பாக்கி இருந்தது. பீரோவின் முதுகில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சேவகரை அனுப்பினார்கள். ஓட்டை இல்லை. அது இன்னும் மோசமான சந்தேகத்தைக் கிளப்பியது. பீரோவைச் செய்த ஆசாரியின் முகவரியைத் தேடி எடுக்கும்படி உத்தரவு பிறந்தது.

பிறகு இயக்குநரின் குரல் கனிந்தது. கல்விமான்களுக்குக் கனிவு வரும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும்.

"மகளே, உன் எதிர்காலத்தைப் பாழாக்க எனக்கு மனமில்லை. நிறுவனத்துக்கும் தேர்ச்சி விகிதம் காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு வாய்ப்புத் தருகிறேன். அந்த இரண்டை அடித்துவிட்டு வேறு ஏதாவது ஒரு விடை எழுது. எதுவாக இருந்தாலும் சரி. பிறர் எழுதாததாக இருந்தால் போதும். இன்றே குற்றச்சாட்டை விலக்கிக் கார்டு போடுகிறேன். அடுத்த ஆண்டு முதல் வகுப்பு உறுதி. கழித்தல் பதினேழு மட்டும் வேண்டாம். அது தங்கசாமியுடையது."

கோகிலாம்பாள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு வருஷம் மண்ணெண்ணெய் விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். வராத மூன்றாம் பாடத்தைத் தானே யோசித்து எழுதிக்கொண்டவள். ஒரே ஒரு எண்ணை அடித்தால் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

காசிராஜன் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் நின்றார். திரும்பச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். எழுதிவிடு தாயி என்று அவர் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஒரு கார்டு வரும். கடைவீதி படிக்கும். வெள்ளைத்தாய் எதிர்ப்பக்கம் போகமாட்டாள். ஐயாத்துரை பசுவோடு பேசமாட்டார். ஒரே ஒரு எண். யாருக்கு என்ன நட்டம்? தராசுத் தட்டின் அடியில் ஒரு புளியங்கொட்டை அளவு மெழுகு ஒட்டினால்கூட யாருக்கும் தெரியாதுதான்.

அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு உடம்பு கூசியது. அவர் தகப்பனார் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே மகனை விட்டு விலகி நடந்திருப்பார்.

"அப்பா" என்று பின்னாலிருந்து கோகிலாம்பாள் கூப்பிட்டாள். "எவ்வளவுன்னு எழுதட்டும்?"

காசிராஜன் திரும்பினார். யாருடைய அனுமதியும் கேட்கவில்லை.

"உள்ளதை எழுது."

அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். உள்ளது ஏற்கெனவே எழுதியிருந்தது.

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "அப்படியானால் உம் மகளைப் படிப்பிலிருந்து நீக்குவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை."

"நீக்குங்க" என்றார் காசிராஜன். குரல் கடையில் கடன் சொல்ல வருகிறவர்களிடம் பேசுவதுபோல் நிதானமாக இருந்தது. "ஆனா ஒண்ணு. என்ன காரணத்துக்காக நீக்குறீகன்னு வெவரமா எழுதணும். பொத்தாம்பொதுவா எழுதக் கூடாது."

"பெரியவரே, காரணம் காட்டாமல் நாங்கள் எதையும் செய்வதில்லை" என்றார் இயக்குநர் பெருமையோடு. தட்டெழுத்தரை வரவழைத்து, நடந்துகொண்டே சொல்லச் சொல்ல எழுத வைத்தார்.

'மேற்படி மாணவி எழுதிய விடைகள் அனைத்தும் சரியான விடைகளோடு முழுமையாக ஒத்திருப்பதும், நேரடிச் சோதனையிலும் அவர் சரியான விடையையே எழுதியதும், மாற்றி எழுத வாய்ப்பளித்தும் மறுத்ததும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதால், அவர் இந்நிறுவனத்தில் கணிதம் பயிலத் தகுதியற்றவர் என நீக்கப்படுகிறார்.'

இரண்டு அதிகாரிகளும் தலையாட்டினார்கள். கதவோரத்தில் பேராசிரியர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். இருமுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"முத்திரை வச்சிருங்க" என்றார் காசிராஜன். "இதைக் கவர்ல போட வேணாம். கார்டுலயே போடுங்க."

"செலவு மிச்சம். நல்ல யோசனை" என்றார் இயக்குநர்.

கார்டு அந்த வாரமே வந்தது. போஸ்ட் மாஸ்டர் படித்தார். இன்னொரு முறை படித்தார். தபால்காரர் டீக்கடையில் நின்று உரக்கவே படித்தார். மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஞானையா நடந்தே வந்து வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அன்னிக்கு நான் பச்சை மையில போட்ட கையெழுத்து பொய்யில்லன்னு இப்பத்தான் எனக்குத் தெம்பு வந்துச்சு" என்றார். காசிராஜன் கார்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முத்திரையிட்ட எடைக்கற்கள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். சாமான் வாங்க வருகிறவர்கள் பொட்டலம் கட்டுகிற நேரத்தில் படிக்க வசதியாக இருந்தது.

ஐயாத்துரை ஒருநாள் தெருவின் பாதிவரைக்கும் வந்தார். கழுத்தை நீட்டிக் கடைசிவரை படித்தார். பக்கத்தில் பசு இல்லை. ஆகவே ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

வெள்ளைத்தாய் வந்தாள். பருப்பை வாங்கிக்கொண்டாள். காசிராஜன் வாசகத்தைச் சொன்னார். "அட, போங்க அண்ணாச்சி" என்று மடியில் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

கல்லூரி திறக்கிற மாதம் வந்தது. காசிராஜன் ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்து வீட்டில் வைத்தார். சங்கரம்மாள் எதற்கு என்று கேட்டாள்.

"மதுரைக்கு. அவ விடுதியில தங்கிப் படிக்கட்டும்."

"நாலு பேரு என்ன சொல்லுவாகன்னு கேட்டீக?"

"வீட்டுக்குள்ள உக்கார வச்சாலும் கார்டு போட்டுச் சொல்றான்" என்றார் காசிராஜன். "எதிர்ல நின்னு சொல்றவன்கிட்டயாவது படிக்கட்டும்."

மதுரைக் கல்லூரியில் சேர்க்கும்போது முந்தைய படிப்புக்குச் சான்று கேட்டார்கள். அவர் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போயிருந்த கார்டை நீட்டினார். முதல்வர் அம்மாள் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். வேறு சான்று கேட்கவில்லை.

காரியாபட்டி தங்கசாமிக்கு அடுத்த ஆண்டு தங்கப்பதக்கம் கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டு நிறுவனமே அவனை அழைத்து, கணித விடைத்தாள் திருத்தும் பொறுப்பில் அமர்த்தியது. அவன் லாரி செட்டில் இருந்தபோது நல்ல பையன் என்று சொல்லுகிறார்கள்.

நீக்கிய செய்தியைப் பாடம் அனுப்பும் தகரக் கொட்டகைக்கு யாரும் சொல்லவில்லைபோல் இருக்கிறது. திருச்சுழிக்குக் கோகிலாம்பாள் பெயரில் பாடங்கள் வந்துகொண்டே இருந்தன. கட்டுக் கட்டாகக் கடையின் மூலையில் சேர்ந்தன. பொட்டலம் மடிக்கக் காகிதத்துக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. கடைவீதியில் பழைய பத்திரிகைக்கே அடிதடி.

"இம்புட்டுத் தாளு சும்மாக் கெடக்கே, இதுல மடிச்சுத் தந்தா என்ன?" என்று வெள்ளைத்தாய் ஒருநாள் கேட்டாள்.

காசிராஜன் பருப்பை நிறுத்து, முள் நடுவில் நிற்கும்வரை காத்திருந்து, தாம் காசு கொடுத்து வாங்கிய காகிதத்தில் கொட்டி மடித்தார்.

"அதுல இருக்கது பூராத் தப்பு" என்றார். "நம்ம எடையை அதுல மடிக்கக் கூடாது."